துறை மாறுகிறவருக்கு ஒரு பேரேடு

துறை மாற நினைக்கிறவர் முதல் வாரத்தில் மூன்று பேரிடம் பேசுவார். நன்றாகவே போகும். மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பெயர் சொல்வார்கள், அவர்களிடமும் பேசிப் பாருங்கள் என்று. அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர், இன்னும் ஆறு பெயர். நான்காவது வாரம் முடியும்போது பேசியது 12 பேரிடம், கையில் சேர்ந்த புதுப் பெயர்கள் 24. யார் யாரைச் சொன்னார், யாருக்கு எழுதியாகிவிட்டது, யாருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை, யார் 'பதினைந்தாம் தேதிக்கு மேல் கூப்பிடுங்கள்' என்றார் என்பதெல்லாம் குழம்பிப்போகும். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஆர்வம் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் கணக்கு கைமீறிப் போயிருக்கும்.

இங்கே சொல்வது, ஆட்களின் கணக்கை ஒரு பேரேட்டில் எழுதிவைத்து, 'இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ' எனப்படும் சந்திப்புகளை நடத்துவதைப் பற்றி. நாம் போக நினைக்கும் துறையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கி, அந்த வேலை உள்ளே எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது. இதில் வேலை கேட்கக் கூடாது. கேட்ட நொடியில் எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுவார். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும் பேச்சுதான்.

யாரிடம் பேசினோம், அடுத்து என்ன என்பதை எழுதி வேறு வைக்கணுமா, மனதில் நிற்காதா என்று தோன்றலாம். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பழக்கக்காரர் வேறு வட்டத்தில் இருப்பதால் வேறு செய்தி கொண்டுவருவார் என்பது அவர் வாதம். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அது இதில் ஒரு திருத்தம் செய்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுவாந்தரப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவுகிறது.

தினமும் பார்க்கிறவரை யாரும் மறக்க மாட்டோம். உதவப் போகிறவர்களோ, நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேசுகிற, பெயர் நாக்கு நுனியில் நிற்கிற ஆட்கள். அவர்களுக்காகத்தான் பேரேடு.

எக்ஸெல் போதும், கூகுள் ஷீட் போதும். இதற்கென்று தனி ஆப் தேடி ஒரு வாரத்தைக் கழிக்க வேண்டாம். அது ஆட்களுக்கு எழுதுவதைத் தள்ளிப்போடும் வழி. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பத்திகள், அதாவது மேலிருந்து கீழே போகும் நெடுவரிசைகள், ஒன்பது: பெயர், நிறுவனமும் பொறுப்பும், யார் மூலம், எந்தத் திசை, எந்த வழியில் பேச்சு, நிலை, கடைசியாக நடந்தது, அடுத்து என்ன, எந்தத் தேதி. இருபது பத்தி போட்டு ஆரம்பித்தவர்களின் ஷீட்டைப் பார்த்தால் முதல் ஆறு வரி முழுதாக நிரம்பியிருக்கும், ஏழாவதிலிருந்து பாதி காலியாக இருக்கும், பன்னிரண்டாவதுக்குப் பிறகு வரியே இருக்காது.

கணக்குப் பிரிவிலிருந்து டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவு பகுப்பாய்வு) பக்கம் போக நினைக்கும் ஒருவரின் ஷீட்டில் ஒரு வரி இப்படி இருக்கலாம். பெயர். மருத்துவமனைக் குழுமத்தில் டேட்டா அனலிஸ்ட், எட்டு வருடம். பழைய அலுவலகத் தணிக்கையாளர் மூலம். திசை: டேட்டா. மெயில். பேசியாச்சு. மார்ச் 4-ல் 25 நிமிடம். எஸ்க்யூஎல் முதலில், பைத்தான் அப்புறம் என்றார் (இரண்டும் டேட்டாவைக் கையாள உதவும் கணினி மொழிகள்). அவர் சொன்ன பயிற்சியின் முதல் பகுதியை முடித்துவிட்டு இரண்டு வரி எழுதணும். 2026-04-08.

இதில் கடைசி இரண்டு பத்திகள்தான் உயிர். 'அடுத்து என்ன' என்ற இடத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியம் இருக்க வேண்டும். 'தொடர்பில் இருக்கணும்' என்று எழுதினால் எந்த நாளிலும் அதைச் செய்ய மாட்டோம், என்றைக்கும் அது முடிந்ததாகவும் ஆகாது. பக்கத்தில் தேதி கட்டாயம். தேதி இல்லாத வரி செத்த வரி. கடைசியாகப் பேசிய தேதியை மட்டும் குறித்து வைப்பவர்கள் அதிகம். அது போனதைச் சொல்லும், இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. ஷீட்டை இந்தத் தேதிப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால் காலையில் மேலே நிற்கும் நான்கு வரிதான் அன்றைய வேலை. மற்றதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 04-03 என்று அடித்தால் ஒரு கணினி அதை மார்ச் 4 என்று படிக்கும், இன்னொன்று ஏப்ரல் 3 என்று படிக்கும். அந்தக் கட்டம் தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிந்துவிட்டால் வரிசைப்படுத்தும்போது ஏப்ரல் 4 (04-04) மார்ச் 10-க்கு (10-03) முன்னால் போய் நிற்கும். வருடத்தை முன்னால் போட்டு, மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கத்தில் எழுதினால், எழுத்தாகப் பதிந்தாலும் வரிசை சரியாகவே வரும்.

நிலைக்கு ஐந்தே சொற்கள்: வரிசையில், எழுதியாச்சு, நேரம் குறித்தாச்சு, பேசியாச்சு, உறக்கத்தில் (இப்போதைக்கு விட்டுவைத்தவர்). இவற்றைக் கையால் அடிக்காமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுனாக வையுங்கள். ஒரு நாள் 'எழுதியாச்சு', இன்னொரு நாள் 'மெயில் போட்டாச்சு' என்று அடித்தால், ஒரே நிலையில் இருப்பவர்களை மட்டும் காட்ட ஃபில்டர் போடும்போது பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஐந்தில் 'உறக்கத்தில்' என்பதற்கு மட்டும்தான் தேதி தேவையில்லை.

முதல் பட்டியலுக்கு ஆட்களை எங்கிருந்து எடுப்பது என்றால், லிங்க்ட்இன் அமைப்புகளில் நம் தரவின் நகலைக் கேட்கும் வசதி இருக்கிறது. அதில் நம் தொடர்புகள் எக்ஸெலில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பாக வரும்: பெயர், நிறுவனம், பொறுப்பு, இணைந்த தேதி. மெயில் முகவரிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயராலும் பொறுப்பாலும் சலித்துப் பாருங்கள். மறந்தேபோன பழைய சக ஊழியர் ஒருவர் நாம் போக நினைக்கும் துறையில் மூன்று வருடமாக இருப்பது தெரியவரும். இருபது, இருபத்தைந்து பேர் போதும். ஐநூறு பேரையும் பேரேட்டில் கொட்டாதீர்கள்.

எத்தனை பேரைப் பார்க்கலாம்

ஒரு சந்திப்புக்கு ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தயாரிப்புக்கு அரை மணி, பேச்சுக்கு 20 முதல் 30 நிமிடம், குறிப்பை எழுத கால் மணி, நன்றி மெயிலுக்கு பத்து நிமிடம், நேரம் ஒத்துவர முன்னும் பின்னும் போகும் மெயில்கள் தனி. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவருக்கு வாரம் மூன்று என்பதே உச்சம் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு மூன்று பேரைப் பார்த்தால் ஆறு பெயர் வருகிறது என்றால், வாராவாரம் மூன்று பெயர் தேங்கும். இது சோம்பலால் வரும் தேக்கம் இல்லை, வெறும் கூட்டல் கணக்கு. அதனால் தேங்கும் என்று தெரிந்தே 'வரிசையில்' என்ற நிலையை வைக்கிறோம்.

இங்கே அதிகம் பேர் சறுக்கும் ஒரு விஷயம் உண்டு. ஒருவர் 'இப்போதே அவருக்கு மெயில் போட்டு உங்களை அறிமுகப்படுத்துகிறேன்' என்பார். சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவோம். அறிமுக மெயில் வந்து ஒரு வாரம் கழித்துத்தான் பதில் போடுவோம், ஏனென்றால் அந்த வாரம் நிரம்பிவிட்டது. அங்கே குறைவது அறிமுகம் செய்தவரின் மரியாதை. தன் பெயரைச் சொல்லி ஒருவரின் நேரத்தைக் கேட்டவர் அவர். ஆகவே இரண்டு நாளுக்குள் பதில் போட முடியும் என்றால் மட்டும் அறிமுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'இந்த இரண்டு வாரம் ஏற்கெனவே குறித்தவை இருக்கின்றன, 20-ஆம் தேதி நானே உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன், அப்போது அறிமுகப்படுத்த முடியுமா' என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை. அந்த 20-ஆம் தேதியைப் பேரேட்டில் போட்டுவிடுங்கள்.

யாருக்கும் எழுதும் முன் அந்தப் பெயரை ஷீட்டில் ஒரு முறை தேடுங்கள். ஒரு துறையில் நன்றாகப் பேசுகிறவரை இரண்டு மூன்று பேர் கைகாட்டுவார்கள். போன மாதம் லிங்க்ட்இனில் எழுதியவருக்கே இந்த மாதம் மெயிலில் 'உங்களை முதன்முறையாகத் தொடர்புகொள்கிறேன்' என்று போனால் திருத்துவது கடினம். 'எந்த வழியில் பேச்சு' என்ற பத்தி இதற்காகத்தான்.

பதில் வராவிட்டால்: முதல் மெயில் போய் ஏழு வேலைநாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதே மெயிலுக்குக் கீழேயே, மூன்று வரிக்கு மிகாமல். புது மெயிலாகப் போட்டால் அவருக்கு முந்தையது கண்ணில் படாது. அதற்கும் இரண்டு மூன்று வாரம் பதில் இல்லை என்றால் நிலையை 'உறக்கத்தில்' என்று மாற்றுங்கள். வரியை அழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அவரை அறிந்த இன்னொருவரைச் சந்திக்க நேரும்.

நேரம் குறிக்கும்போது கேலண்டர் அழைப்பு அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும். மனக்கணக்கு வேண்டாம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் அந்த இரண்டுக்கும் இடையிலான வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் பிசகும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் திரும்பவும் அதே குழப்பம்.

பேசும் முன்னும் பேசிய பின்னும்

ஒரு சந்திப்புக்கு ஒரு பக்கம். மேலே அந்த ஆளைப் பற்றி மூன்று விஷயம்: எங்கிருந்து இந்தத் துறைக்கு வந்தார், இப்போது என்ன செய்கிறார், நம் பாதையோடு எங்கே ஒட்டுகிறார். பெயரை எப்படி உச்சரிப்பது என்பதும் அங்கேயே. கீழே ஐந்து கேள்வி. இருபது நிமிடத்தில் ஐந்துக்கு மேல் ஓடாது.

அந்த ஐந்தில் மூன்று கேள்வியை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். இதைத்தான் இந்தப் பதிவில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போன வாரம் உங்கள் நேரம் எதில் எதில் போனது? வெளியிலிருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்? இன்று புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் மூன்று மாதம் எதைக் கற்பீர்கள்? இப்படி மூன்று. ஆளுக்கு ஆள் கேள்வியை மாற்றிக்கொண்டே போனால் பத்துப் பேரிடம் பேசிய பிறகும் கையில் மிஞ்சுவது பத்து தனித்தனிக் கதைகள். கடைசியாகப் பேசியவர் உற்சாகமாகப் பேசியிருந்தால் துறையே நன்றாக இருப்பதாகத் தோன்றும், சலிப்பாகப் பேசியிருந்தால் வேண்டாம் என்று தோன்றும். ஒரே கேள்விக்குப் பத்து பதில் பக்கம் பக்கமாக இருந்தால் அதில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். எட்டுப் பேர் 'பாதி நேரம் டேட்டாவைச் சுத்தம் செய்வதிலேயே போகிறது' என்றால் அது அந்த வேலையின் குணம். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய அலுவலகத்தின் குணமாக இருக்கலாம். 'போன வாரம்' என்று கேட்பதிலும் காரணம் இருக்கிறது. 'பொதுவாக என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் பொறுப்பின் வரையறையை ஒப்பிப்பார்கள். போன வாரம் என்றால் நடந்ததைச் சொல்வார்கள்.

மீதி இரண்டு கேள்வி அவருக்கே உரியவை. கடைசி இரண்டு நிமிடத்தில் 'இன்னும் யாரிடம் பேசலாம்' என்பது. கேட்டது இருபது நிமிடம் என்றால் பத்தொன்பதாவது நிமிடத்தில் நீங்களே 'நேரம் ஆகிவிட்டது' என்று சொல்லுங்கள். அவர் விரும்பினால் நீட்டிப்பார்.

பேசும்போது குறிச்சொற்களை மட்டும் எழுதுங்கள். ஒலிப்பதிவு வேண்டும் என்றால் அனுமதி கேட்டுத்தான். ஆனால் பதிவாகிறது என்று தெரிந்தால் சம்பளம், மேலாளர், வேலைப்பளு பற்றி மனம் விட்டுப் பேசுவது குறையும். நமக்கு வேண்டியதே அதுதான். முழுக் குறிப்பைப் பேச்சு முடிந்த கையோடு எழுதிவிட வேண்டும், அதற்காகக் கேலண்டரில் சந்திப்பை அடுத்த கால் மணி நேரத்தையும் சேர்த்தே அடைத்துவையுங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் செய்து 1885-ல் வெளியிட்ட சோதனையில், மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் நழுவியிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது அர்த்தமில்லாத அசைகளை; நாம் கேட்பது அர்த்தமுள்ள பேச்சு, இவ்வளவு வேகமாகப் போகாது. என்றாலும் முதலில் போவது ஒட்டில்லாத விவரங்கள்: மென்பொருளின் பெயர், சான்றிதழின் பெயர், ஒருமுறை சொன்ன ஆளின் பெயர். நன்றாகப் பேசினார் என்ற உணர்வு மட்டும் பத்திரமாக இருக்கும்.

குறிப்பை மூன்றாகப் பிரியுங்கள். அவர் சொன்னது, அவருடைய வார்த்தையிலேயே. எனக்குத் தோன்றியது, தனியாக. இரண்டையும் கலந்துவிட்டால் மூன்று வாரம் கழித்து எது யாருடைய கருத்து என்று தெரியாது. மூன்றாவது பற்று வரவு: நான் அனுப்புகிறேன் என்றது, அவர் அனுப்புகிறேன் என்றது. 'அந்தக் கட்டுரையை அனுப்புகிறேன்' என்று பேச்சோடு பேச்சாக நாம் சொல்லியிருப்போம், அவர் எதிர்பார்த்திருப்பார். சம்பளத் தொகை, குழுவின் உள்விவகாரம் போன்றவை வந்தால் பக்கத்தில் 'வெளியே சொல்லக் கூடாது' என்று எழுதிவையுங்கள். அடுத்த சந்திப்பில், அதே நிறுவனத்துக்காரரிடமே, வாய்தவறி வந்துவிடக் கூடாது.

குறிப்பு முடிந்த பிறகு நன்றி மெயில், ஒரு நாளுக்குள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பு கையில் இருந்தால் 'நீங்கள் எஸ்க்யூஎல்தான் முதலில் என்று சொன்னதால் இந்த மாதத் திட்டத்தை மாற்றிவிட்டேன்' என்று எழுதலாம். குறிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்பதைத் தாண்டி எதுவும் வராது.

யார் மூலம் வந்தோம் என்பது

பேரேட்டில் மூன்றாவது பத்தி சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதை வைத்துத்தான் ஒரு கடனை அடைக்கிறோம். ஒருவர் நம்மை இன்னொருவரிடம் அனுப்பினார், நாம் போய்ப் பேசினோம், நன்றாகவே முடிந்தது. அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது. பெரும்பாலோர் அவருக்குத் திரும்பச் சொல்வதில்லை. அந்தச் சந்திப்பு முடிந்த அன்றே இரண்டு வரி: 'நீங்கள் சொன்னவரிடம் இன்று பேசினேன், இன்ன விஷயம் தெளிவானது, நன்றி.' இதைப் படித்தவர் அடுத்த பெயரைத் தானாகவே சொல்வார்.

அறிமுகம் கேட்கும்போது, அவர் அப்படியே முன்னனுப்பக்கூடிய ஐந்து வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: யார், இப்போது என்ன செய்கிறேன், எந்தப் பக்கம் போக நினைக்கிறேன், ஏன் குறிப்பாக அவரிடம், 20 நிமிடம். முதல் மெயிலோடு ரெஸ்யூமே இணைக்க வேண்டாம். இணைத்தால் அது விண்ணப்பமாகிவிடும். அறிமுக மெயில் வந்ததும் பதில் போடும்போது அறிமுகம் செய்தவரை நன்றி சொல்லி பிசிசி-க்கு (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் போகும் இடம்) நகர்த்திவிடுங்கள். செவ்வாயா வியாழனா என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் எட்டு மெயிலும் அவருக்குப் போக வேண்டாம்.

இந்த ஷீட், கேலண்டர், மெயில் எதுவும் இப்போதைய அலுவலகக் கணக்கிலோ கணினியிலோ இருக்கக் கூடாது. அலுவலகம் பார்க்க முடியும் என்பது ஒன்று. வேலையை விட்ட நாளில் உள்ளே போக முடியாது என்பது இன்னொன்று. லிங்க்ட்இனில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு (வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு) மட்டும் காட்டும் வசதி உண்டு. நம் நிறுவனத்து ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வோம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இனே சொல்கிறது. அதேபோல ஷீட்டில் இருப்பது அடுத்தவர்களின் விவரம். நண்பருக்கு உதவியாக இருக்கட்டும் என்று லிங்க் அனுப்பாதீர்கள். காலி வடிவத்தை நகலெடுத்துக் கொடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் ஒதுக்கி உட்காருங்கள். முதலில் தேதி தாண்டிப்போன வரிகள்: செய்யுங்கள், அல்லது புதுத் தேதி போடுங்கள், அல்லது உறங்க விடுங்கள். ஒரே வரிக்கு மூன்றாவது முறையாகப் புதுத் தேதி போடுகிறீர்கள் என்றால் அந்த ஆளிடம் கேட்க உங்களுக்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். பிறகு 'வரிசையில்' இருப்பவர்களில் அடுத்த மூன்று பேரைப் பொறுக்குங்கள். முதலில் வந்தவர் முதலில் என்று போகாமல், இதுவரை கேட்காத கோணம் யாரிடம் இருக்கிறதோ அவர். கடைசியாக அந்தப் பொதுவான மூன்று கேள்விகளின் பதில்களை மேலிருந்து கீழே படியுங்கள். ஒரு திசையில் எட்டு, பத்துப் பேரிடம் பேசிய பிறகு புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அந்தத் திசையில் விசாரணை முடிந்தது. இனி அங்கே விண்ணப்பம், அல்லது வேறு திசை. தொடர்ந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது முடிவெடுப்பதை ஒத்திப்போடுவதாக மாறிவிடும்.

விண்ணப்பங்களுக்குத் தனித் தாள் வையுங்கள், நிறுவனத்தின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஓர் இடத்தில் வேலை காலி என்று தெரிந்ததும் பேரேட்டில் அந்தப் பெயரைத் தேடி, அங்கே பேசியவர் யாராவது இருந்தால் விண்ணப்பிக்கும் முன் அவருக்கு எழுதுங்கள். பல நிறுவனங்களின் பரிந்துரை முறையில், நாம் நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் அதன் பிறகு உள்ளே இருப்பவர் பரிந்துரைத்தாலும் கணக்கில் ஏறாது. அவசரப்பட்டு இரவோடு இரவாக விண்ணப்பித்துவிட்டு மறுநாள் அவருக்குச் சொன்னால், உதவ நினைத்தாலும் அவருக்கு வழி இருக்காது.

வேலை கிடைத்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது என்றால், 'பேசியாச்சு' என்று ஃபில்டர் போடுங்கள். நாற்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மூன்று வரி, ஒரே மெயிலில் எல்லோரையும் சேர்க்காமல்: எங்கே சேர்கிறேன், நீங்கள் சொன்னதில் எது உதவியது. எது உதவியது என்பது குறிப்பிலேயே இருக்கிறது, அவர்கள் வார்த்தையிலேயே. அறிமுகம் செய்தவர்களுக்கு முதலில், அவர்கள் அனுப்பிய ஆட்களுக்கு அடுத்து. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும்.